ஆகஸ்ட் கடைசியில் வடசமவெளியின் வானம்

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில், ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் புல்வெளிச் சமவெளிக்குப் பிரெய்ரி என்று பெயர். அதன் வடபகுதி கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன், மானிடோபா மாகாணங்களிலும் அமெரிக்காவின் மொன்டானா, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா மாநிலங்களிலும் விரிகிறது. ஒருகாலத்தில் காட்டெருமைகள் மேய்ந்த இந்த மண்ணில் இன்று கண்ணுக்கெட்டும் தூரம்வரை கோதுமையும் கனோலா என்ற எண்ணெய்வித்தும் பருப்பும் சூரியகாந்தியும் விளைகின்றன. ஆகஸ்ட் கடைசி வாரம் இங்கே ஆண்டின் மிகப் பதற்றமான நாட்களில் சேரும். பயிர் முற்றிவிட்டது, ஆனால் இன்னும் வயலில்தான் நிற்கிறது. கோடை முடியவில்லை, ஆனால் வடக்கே குளிர்காற்று கிளம்பிவிட்டது. 35 டிகிரி வெயில், நள்ளிரவு இடிமழை, ஆலங்கட்டி, காட்டுத்தீப் புகை, விடியற்காலை உறைபனி எல்லாமே ஒரே வாரத்துக்குள் வந்து போகலாம்.

இதற்கெல்லாம் அடிப்படை நில அமைப்புதான். மேற்கிலிருந்து வரும் பசிபிக் கடலின் ஈரத்தை ராக்கி மலை பெருமளவு பிழிந்துவிடுகிறது. வடக்கே ஆர்க்டிக் வரையிலும் தெற்கே மெக்சிகோ வளைகுடா வரையிலும் காற்றை மறிக்க ஒரு மலை கிடையாது. வெப்பத்தையும் குளிரையும் தணிக்கப் பக்கத்தில் கடலும் இல்லை. வடக்கு டகோட்டாவின் பார்ஷல் என்ற சிற்றூரில் 1936 பிப்ரவரி 15 அன்று மைனஸ் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதே மாநிலத்தில் ஸ்டீல் என்ற இன்னொரு சிற்றூரில் அதே ஆண்டு ஜூலை 6 அன்று 49 டிகிரி கொளுத்தியது. ஐந்து மாத இடைவெளியில் நூறு டிகிரி வித்தியாசம்! அந்த மாநிலத்தின் உச்ச வெப்பமும் உச்சக் குளிரும் இன்றுவரை இவைதாம்.

வாரம் பெரும்பாலும் தெற்குக் காற்றில் தொடங்கும். ராக்கி மலையைத் தாண்டி இறங்கும் மேல்காற்று, மலையின் கிழக்கு அடிவாரத்தில், குறிப்பாக ஆல்பர்ட்டா பக்கம், ஒரு காற்றழுத்தத் தாழ்வை உண்டாக்குகிறது. அது கிழக்கே நகர நகர, அதற்கு முன்னால் இருக்கும் சமவெளி முழுவதும் தெற்கிலிருந்து காற்றை இழுக்கிறது. இரண்டு மூன்று நாள் அந்தக் காற்று ஓயாமல் வீசும். வெப்பம் நாளுக்கு நாள் ஏறும். வளைகுடாவின் ஈரமும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து கனடா எல்லைவரை வந்து சேரும்.

ஈரம் முழுவதும் கடலிலிருந்து வந்ததல்ல. வழிநெடுகிலும் இருக்கும் மக்காச்சோளமும் சோயாவும் வேரால் உறிஞ்சிய நீரை இலைவழியே காற்றில் விடுகின்றன. நன்கு வளர்ந்த ஒரு ஏக்கர் மக்காச்சோளம் ஒரு நாளில் 11,000 முதல் 15,000 லிட்டர் நீரை இப்படி ஆவியாக்குகிறது. லட்சக்கணக்கான ஏக்கர்கள் சேர்ந்து செய்யும் இந்த வேலையால், வறண்ட காற்றுக்குப் பேர்போன சமவெளியில்கூட அந்த நாட்களில் வியர்வை உலராது. மனிதன் நட்ட பயிர், தன் தலைக்கு மேல் இருக்கும் வானிலையையே மாற்றுகிறது என்பது இந்தப் பகுதியைப் பற்றி அறிய வேண்டிய முக்கியமான உண்மைகளில் ஒன்று.

தரையருகே இவ்வளவு வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் உடனே இடிமேகம் எழ வேண்டும். பல நாட்கள் எழுவதில்லை. மேற்கிலுள்ள உயர்ந்த வறண்ட நிலங்களில் சூடான காற்று, தரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டர் உயரத்தில் சமவெளியின்மேல் பரவி ஒரு மூடியாக நிற்கிறது. கீழிருந்து எழும் காற்று அந்தச் சூடான அடுக்கை எட்டியதும் மேலே போக வலுவிழக்கிறது. மாலைவரை வெண்மேகங்கள் முளைத்து முளைத்துக் கலைவதைப் பார்க்கலாம். இந்த மூடி மழையைத் தடுக்கிறது என்பது பாதிதான் சரி. அதன் அடியில் வெப்பமும் ஈரமும் தேங்கிக்கொண்டே போவதால், எங்காவது ஓரிடத்தில் மூடி உடையும்போது எழும் மேகம் அரை மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டுவிடுகிறது.

உடைவது பெரும்பாலும் மாலையில். பெருமழை கொட்டுவது பல நேரம் இரவில். வெப்பச்சலன மழை என்றாலே பிற்பகலிலும் மாலையிலும் பெய்து ஓய்வது என்பதுதான் உலகின் பல இடங்களில் வழக்கம். பிரெய்ரியில் கோடையின் இடிமழை நள்ளிரவையொட்டி வலுக்கிறது. பகலில் சூடான தரை காற்றைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் தரையின் உராய்வு மேல்காற்றையும் பிடித்து நிறுத்துகிறது. சூரியன் மறைந்து தரை குளிர்ந்ததும் அந்தப் பிடி விடுகிறது. சில நூறு மீட்டர் உயரத்தில் தெற்குக் காற்று தடையின்றி வேகமெடுத்து ஒரு தாழ்நிலை ஜெட் காற்றாக ஓடுகிறது. ஊர் உறங்கும் நேரத்தில் புயல்மேகங்களுக்கு ஈரத்தை அள்ளித் தருவது அதுதான். தனித்தனியாகப் பிறந்த இடிமேகங்கள் ஒன்றுகூடி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே அணியாகக் கிழக்கு நோக்கி நகர்கின்றன. அவற்றிலிருந்து இறங்கும் காற்று நேர்கோட்டில் பாய்ந்து நாசம் செய்தால் அதை டெரேச்சோ என்கிறார்கள். சற்றுத் தெற்கே அயோவா மாநிலத்தை 2020 ஆகஸ்ட் 10 அன்று தாக்கிய டெரேச்சோ, அறுவடைக்குக் காத்திருந்த மக்காச்சோளத்தைப் பெரும்பரப்பில் தரையோடு சாய்த்தது.

விவசாயி அதைவிட அஞ்சுவது ஆலங்கட்டிக்கு. மேகத்தின் மேல்பகுதியில் நீர்த்துளிகள் பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்தும் உறையாமல் திரவமாகவே மிதக்கின்றன. ஒரு சிறு பனித்துணுக்கு அவற்றின்மீது மோதியதும் அவை அதில் ஒட்டி உறைகின்றன. மேலெழும் காற்று தாங்கும் வரை கட்டி பருத்துக்கொண்டே போகும்; தாங்க முடியாதபோது விழும். பெரிய கட்டி ஒன்றை அறுத்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடிபோல் தெளிந்த வளையமும் பால்போல் வெளுத்த வளையமும் மாறி மாறி இருக்கும். நீர் மெதுவாக உறைந்து காற்றுக்குமிழ்கள் வெளியேறிய அடுக்கு தெளிவாகவும், சட்டென்று உறைந்து குமிழ்களைச் சிறைபிடித்த அடுக்கு வெண்மையாகவும் தெரிகிறது. தெற்கு டகோட்டாவின் விவியன் என்ற ஊரில் 2010 ஜூலை 23 அன்று விழுந்த ஒரு கட்டியின் விட்டம் 20 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 880 கிராம். அமெரிக்காவில் முறைப்படி அளக்கப்பட்டவற்றில் அதுவே பெரியது. ஆனால் பயிரை அழிக்க அவ்வளவு பெரிய கட்டி தேவையில்லை. காய்ந்து முற்றிய கதிருக்குப் பட்டாணி அளவு போதும். பத்து நிமிடத்தில் மணியெல்லாம் மண்ணில். ஒரு வயல் முழுதும் போய்விடும், சாலைக்கு அப்பால் உள்ள வயலில் ஒரு தண்டும் ஒடிந்திருக்காது. இதனால்தான் இங்குள்ள விவசாயிகள் பலர் ஆலங்கட்டிக்கென்றே தனியாகக் காப்பீடு எடுக்கிறார்கள்.

இந்த இடிமேக அணிக்குப் பின்னால் வருகிறது குளிர்முகப்பு. வடமேற்கிலிருந்து வரும் கனத்த குளிர்காற்று, சூடான காற்றின் அடியில் புகுந்து அதைத் தூக்கி எறியும் எல்லைக்கோடு அது. அது ஓர் ஊரைக் கடக்கும் கணத்தைத் தோலே உணரும்: தெற்குக் காற்று சில நிமிடம் தடுமாறும், பிறகு வடமேற்கிலிருந்து குளிர்ந்த வேகத்தில் வீசும். முந்தின நாள் பிற்பகல் 34 டிகிரி இருந்த இடத்தில் மறுநாள் பிற்பகல் 17 டிகிரி இருப்பது இங்கே அபூர்வமல்ல. ஈரம் வடிந்த காற்றில் பார்வை தொடுவானம்வரை எட்டும், வானம் ஆழ்ந்த நீலமாகும்.

அண்மை ஆண்டுகளில் அந்த நீலம் பல கோடைகளில் கிடைக்கவில்லை. வடமேற்குக் காற்று வரும் வழியில்தான் கனடாவின் வடபுல ஊசியிலைக் காடுகள் இருக்கின்றன. 2023இல் கனடாவில் 1.5 கோடி ஹெக்டேர் அளவுக்குக் காடு எரிந்தது. அந்நாட்டு வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. புகை உயரத்திலேயே சென்றால் சூரியன் செந்நிறத் தட்டாகத் தெரிவதோடு சரி. குளிர்முகப்புக்குப் பின்னால் காற்று கீழ்நோக்கி அமிழும்போது புகையும் தரைக்கு இறங்குகிறது. மூச்சுத்திணறல் உள்ளவர்கள் கதவடைத்து வீட்டுக்குள் இருக்க நேர்கிறது.

வாரத்தின் கடைசி இரவுகள் அமைதியானவை. அந்த அமைதியிலும் ஆபத்து இருக்கிறது. குளிர்காற்றோடு வந்த உயரழுத்தம் சமவெளியின்மேல் நிலைகொள்ளும்போது மேகமும் இல்லை, காற்றும் இல்லை. பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் தடையின்றி வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேலே ஈரம் குறைவு என்பதால் அதைத் திருப்பி அனுப்ப ஏதும் இல்லை. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவுகளில் இறங்கி, பனியாறுகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற குழிகளிலும் குட்டைக்கரைகளிலும் தேங்குகிறது. வானிலை நிலையத்தின் வெப்பமானி ஆளுயரப் பெட்டியில் 2 டிகிரி காட்டும்போது, பள்ளத்தில் பயிரின் நுனி உறைநிலைக்குக் கீழே போயிருக்கலாம். நள்ளிரவுக்குப் பின் ஒரு மேகத்திட்டு வந்தாலோ மெல்லிய காற்று அசைந்தாலோ பயிர் தப்பிக்கும்.

2004 ஆகஸ்ட் 20 அன்று அப்படித் தப்பவில்லை. குளிர்ந்த கோடையால் ஏற்கெனவே விளைச்சல் பின்தங்கியிருந்த சஸ்காட்செவன், மானிடோபா வயல்களில் அன்று உறைபனி விழுந்தது. கனோலா விதை முற்றும்போது அதிலுள்ள பச்சையம் படிப்படியாகச் சிதைந்து மறைய வேண்டும். உறைபனி செடியைக் கொன்றால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். விதை உள்ளே பச்சையாகவே காய்ந்து, எண்ணெயும் பச்சை நிறமாகி, தரம் சரியும். கோதுமை மணி சுருங்கி எடை இழக்கும்.

இத்தனைக்கும் நடுவே அறுவடை நடக்கிறது. பட்டாணியும் பருப்பும் முதலில், அடுத்துக் கோதுமை, பிறகு கனோலா. சூரியகாந்தியும் மக்காச்சோளமும் இன்னும் பல வாரம் நிற்கும். உலகில் மசூர் பருப்பை மிக அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஒன்று கனடா. அதன் பெரும்பகுதி சஸ்காட்செவனில் விளைகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மைசூர் பருப்பு என்ற பெயரில் உலையில் விழுவதில் கணிசமானது இந்த மண்ணிலிருந்து வந்தது. முழங்கால் உயரம்கூட வளராத அந்தச் செடி, மழையில் நனைந்தால் தரையோடு படிந்துவிடும். விதைத்தோல் கறைபட்டுச் சுருங்கும். அதிகம் காய்ந்தாலோ காய் வெடித்துச் சிதறும்.

கோதுமையைச் சேமிக்க மணியில் ஈரம் ஏறத்தாழ 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். லாரியில் ஈரம் அளக்கும் கருவி இருந்தாலும், கதிரை உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டு, ஒரு மணியைக் கடித்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. மொறுமொறுவென்று உடைந்தால் இயந்திரத்தை இறக்கலாம். பல்லில் மெத்தென்று பட்டால் காத்திருக்க வேண்டும். தெற்குக் காற்று வீசும் இரவுகளில் கம்பைன் அறுவடை இயந்திரங்கள் விளக்கொளியில் விடியும்வரைகூட ஓடும். காற்று அடங்கிப் பனி இறங்கும் இரவுகளில் வைக்கோல் ஈரமேறி முறுக்கிக்கொள்வதால் பத்து மணிக்கே நிறுத்த வேண்டியிருக்கும். நாட்களும் குறுகுகின்றன: சஸ்காட்செவனின் தலைநகர் ரெஜைனாவில் இந்த ஒரு வாரத்தில் மட்டும் பகற்பொழுது சுமார் 25 நிமிடம் சுருங்குகிறது.

அதனால்தான் இங்கே வானிலை அறிக்கையை வரிவிடாமல் கேட்கிறார்கள். வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க் போன்ற நிலையங்கள் பலூனில் கருவி கட்டி வானில் விடுகின்றன. இடிமேகத்தை அடக்கும் அந்தச் சூடான மூடி எவ்வளவு வலுவானது என்று அதிலிருந்துதான் தெரியும். வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம், விவசாயத்துக்கென்றே தானியங்கி வானிலை நிலையங்களின் வலையமைப்பு ஒன்றை நடத்துகிறது. காற்று, மழை, மண்ணின் வெப்பம் முதலிய அளவுகள் அதிலிருந்து விவசாயிக்கு உடனுக்குடன் கிடைக்கின்றன.

வாரம் முடிகையில் உயரழுத்தம் கிழக்கே நகர்ந்துவிடும். அதன் பின்புறத்தில் காற்று மீண்டும் தெற்கிலிருந்து திரும்பும். ஆல்பர்ட்டா பக்கம் அடுத்த தாழ்வு உருவாகத் தொடங்கியிருக்கும். செப்டம்பர் நகர நகரத் தெற்குக் காற்றின் நாட்கள் குறைந்து, வடமேற்குக் காற்றின் நாட்கள் கூடும். முற்றிய கோதுமையை நனைத்துத் தரத்தைக் கெடுத்த அதே மழை, அறுவடை முடிந்த வயலில் மண்ணுக்குள் இறங்கி நிற்கிறது. செப்டம்பர் முற்பகுதியில் குளிர்காலக் கோதுமையை விதைப்பவர்களுக்கு அந்த ஈரம்தான் வேண்டும். பனி மூடுமுன் நாற்று வேர்பிடிக்க அதை விட்டால் வேறு நீர் கிடையாது.