மாஸ்டர் சிலிண்டர் மாற்றச் சொல்கிறார்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

"மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு சார், உடனே மாத்தணும்." ஒர்க்‌ஷாப்பில் இதைக் கேட்ட பிறகு பேரம் பேச யாருக்கும் மனம் வராது. ஏசி பழுது என்றால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். பிரேக் உயிர் சம்பந்தப்பட்டது. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பயத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் தேவையில்லாத பாகங்களும் கணக்கில்லாத லேபரும் பில்லில் ஏறுகின்றன. பிரேக் பழுதைத் தள்ளிப்போடவும் கூடாது, கேள்வி கேட்காமல் பணம் கட்டவும் கூடாது.

உண்மையிலேயே பழுதா?

நாம் பெடலை மிதிக்கும் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றிச் சக்கரங்களுக்கு அனுப்புவதுதான் மாஸ்டர் சிலிண்டர். உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்தால் அழுத்தம் நிற்காது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே பெடலை ஒரே சீராக அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது, வெளியே எங்கும் கசிவும் இல்லை என்றால் முதல் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மீதுதான்.

பெடல் தொளதொளவென்று அமுங்கி, இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் ஏறுகிறதா? லைனில் காற்று புகுந்திருக்கலாம். ஏர் எடுத்தாலே சரியாகிவிடக்கூடும். மிதிக்கவே முடியாமல் இறுகிப்போனால், மிதிப்பதை எளிதாக்கும் பிரேக் பூஸ்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஆயில் அளவு மட்டும் குறைந்திருந்தால், பேட் தேய்ந்திருக்கிறதா, சக்கரத்தின் உள்பக்கத்திலோ பைப்பிலோ கசிகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனையில் பழுது தெரிந்தது என்று மெக்கானிக்கிடம் கேட்பது அவமதிப்பு அல்ல. நல்ல மெக்கானிக் உங்களைப் பக்கத்தில் நிற்க வைத்தே காட்டுவார்.

ஆபத்து எங்கே?

இன்றைய கார்களில் பிரேக் லைன் இரண்டு பிரிவாக இருக்கும். ஒன்று போனாலும் மற்றொன்று வேலை செய்யும். ஆனால் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடிவிடும். "மெதுவா ஓட்டிட்டுப் போய்டலாம்" என்று நினைக்காதீர்கள். பெடல் இறங்கும் வண்டியை டோயிங் செய்து கொண்டுபோவதே பாதுகாப்பு.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அது 155 டிகிரி வரை இறங்கலாம். அதே ஈரம் சிலிண்டரின் உள்சுவரையும் அரிக்கும். ஆகவே பல கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போய், பிரேக் அமைப்பு முழுவதும் கெடும்.

பில்லைப் படியுங்கள்

செலவு நான்கு தலைப்புகளில் வரும்: உதிரிபாகம், பிரேக் ஆயில், லேபர், வரி. விளங்குவதற்காக ஒரு கணக்கு: பாகத்தின் எம்ஆர்பி 3,540 ரூபாய், ஆயில் 295, லேபர் 800, லேபருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 144. மொத்தம் 4,779 ரூபாய். கார் மாடலைப் பொறுத்துத் தொகை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எம்ஆர்பி என்பது எல்லா வரிகளும் சேர்ந்த விலை. அதற்கு மேல் ஜிஎஸ்டி போட்டால் மறுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு வரி 18 சதவீதம்தான். பில்லில் 28 என்று இருந்தால் கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு எண் இல்லாத ஒர்க்‌ஷாப் அந்த வரியை வசூலிக்கவே முடியாது.

"முழு செட் வேண்டாம், ரப்பர் சீல் கிட் மட்டும் போடலாம்" என்றால், சிலிண்டரின் உள்சுவரில் கீறலோ துருவோ இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே சம்மதியுங்கள். கீறிய சுவர் புது சீலையும் கிழித்துவிடும். பூஸ்டரையும் சேர்த்து மாற்றச் சொன்னால் அதற்குத் தனிக் காரணம் கேளுங்கள்.

வேலைக்கு முன் எழுத்தில்

வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேய்மானத்துக்கு மோட்டார் காப்பீடு பணம் தராது. ஆனால் வாரண்டியிலோ நீட்டித்த வாரண்டியிலோ இந்தப் பாகம் அடங்கியிருக்கலாம். உங்கள் மாடலுக்கு ரீகால் அறிவிப்பு உண்டா என்றும் தேடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் சீல் வழியே ஆயில் கசிந்ததால் 2010-ல் டொயோட்டா உலகெங்கும் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. தயாரிப்புக் குறைக்கு ரீகால் வந்தால் சரிசெய்யும் செலவு நிறுவனத்தைச் சேர்ந்தது.

ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன குறை, பாகத்தின் எண், எஸ்டிமேட் தொகை, "கூடுதல் வேலைக்கு முன் அனுமதி பெற வேண்டும்", "பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்" ஆகிய ஐந்தையும் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வேலை முடிந்ததும் நீங்களே சிறிது தூரம் ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

தகராறு வந்தால்

செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு ஒர்க்‌ஷாப்புக்கு உரிமை தருகிறது. சண்டை போட்டு வண்டியை அங்கேயே விட்டுவிடுவதைவிட, "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று பில்லில் எழுதிப் பணம் கட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு புகார் கொடுப்பது நல்லது.

முதலில் ஒர்க்‌ஷாப்புக்கும் கார் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது அந்தச் சட்டம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே டாக்சி ஓட்டுபவரும் நுகர்வோர்தான்.

ஜாப் கார்டு, பில், பழைய பாகம், பெடல் இறங்குவதைக் காட்டும் வீடியோ, இன்னொரு மெக்கானிக் எழுதித் தந்த கருத்து ஆகியவையே உங்கள் சாட்சிகள். பிரேக் வேலைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் காகிதம் கேளுங்கள். தவறான வேலையால் நாளை விபத்து நேர்ந்தால், பொறுப்பு யாருடையது என்று காட்டப்போவது அந்தக் காகிதம்தான்.