சிலம்ப வகுப்பின் ரீல்ஸும் குழந்தையின் உரிமையும்

சிலம்பம், கராத்தே, டேக்வாண்டோ வகுப்பு நடத்துவோருக்கு இப்போது நோட்டீஸும் சுவர் விளம்பரமும் தேவைப்படுவதில்லை. மாணவி இரட்டைக் கம்பு சுற்றும் அரை நிமிடக் காணொளி இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ ஏறினால் அதுவே அடுத்த சேர்க்கைக்கு ஆள் கூட்டிவிடும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பிடித்த சிலம்பத்துக்கு இந்த வெளிச்சம் வேண்டியதுதான். ஆனால் காணொளியில் நிற்பவர் பெரும்பாலும் 18 வயது நிரம்பாதவர். அவருடைய முகம் பயிற்சிக் கட்டணத்தோடு சேர்த்து மாஸ்டருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதல்ல.

2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. அடையாளம் தெரியும்படியான படமும் பெயரும் தனிநபர் தரவே. அவற்றைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. சேர்க்கைப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்து வாங்கும் கையெழுத்து இந்தச் சட்டம் கேட்கும் ஒப்புதல் ஆகாது. எந்தப் படம், எதற்காக, எங்கே என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பெற்றோர் பிழைப்புக்காக வெளியூர் போயிருக்கும்போது விடுதிக் காப்பாளர் தலையாட்டினால் அது பெற்றோர் ஒப்புதல் ஆகிவிடாது.

பெல்ட் தேர்வு முடிந்ததும் போடப்படும் வழக்கமான பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பச்சை பெல்ட்டோடு சிறுமி, முழுப் பெயர், படிக்கும் வகுப்பு, பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகை, கீழே ‘தினமும் மாலை 5.30 முதல்’ என்ற அறிவிப்பு. சென்னையில் இது ஆயிரத்தில் ஒரு படம். கல்வராயன் மலையின் கரியாலூர் போன்ற ஊரில் அந்தச் சிறுமி எத்தனை மணிக்கு எந்த வழியாக வீடு திரும்புவாள் என்பதையே அது சொல்லிவிடும். முகத்தை வெட்டி ஆபாசப் படத்தோடு ஒட்ட ஏஐ செயலிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆபத்து எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்றும் இல்லை: 2021இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவரும் ஜூடோ பயிற்சியாளர் ஒருவரும் பாலியல் புகார்களில் கைதானார்கள். மாணவியின் தனிப்பட்ட எண்ணுக்கு இரவில் ‘இந்த ஸ்டெப்பைத் தனியாக வீடியோ எடுத்து அனுப்பு’ என்று செய்தி வந்தால் பெற்றோர் உடனே விசாரிக்க வேண்டும். பரவிய தகவலைத் திரும்பப் பிடிக்க முடியாது என்பது கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2022 ஜூலையில் கனியாமூரில் ஒரு மாணவியின் மரணத்தை ஒட்டிச் சமூக ஊடகங்களில் கிளம்பிய தகவல்கள் வன்முறை வரை போயின.

லைக்குக்காகச் செய்யப்படும் சாகசம் வேறு வகை ஆபத்து. பிஞ்சு வயிற்றின் மீது ஓடு உடைப்பது, விரல்கள் மீது பைக் ஏற்றுவது, தீப்பந்தக் கம்பைச் சின்னக் குழந்தையிடம் கொடுப்பது எல்லாம் ‘உலக சாதனை’ என்ற பெயரில் நடக்கின்றன. பராமரிப்பில் உள்ள குழந்தைக்குத் தேவையற்ற துன்பம் விளைவிப்பது இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 75ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை தரும் குற்றம். அந்தக் காணொளியே சாட்சியாகவும் நிற்கும்.

‘மலைவாழ் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள்’ என்று பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, கீழே க்யூஆர் கோடு ஒட்டும் பதிவுகளும் உண்டு. வறுமையை விளம்பரப் பொருளாக்கும் இந்தப் பழக்கம் அநாகரிகமானது. எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று பெற்றோர் கேட்கலாம். ‘அரசு அங்கீகாரம்’, ‘வேலை உறுதி’ என்ற வாசகங்களை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்த பிறகே நம்ப வேண்டும். பொய் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஐஏஎஸ் பயிற்சி மையங்கள் பல இதில் ஏற்கெனவே சிக்கியுள்ளன. புகாருக்கு 1915 என்ற எண்.

படத்தை நீக்க முதலில் மாஸ்டரிடம் எழுத்தில் கேட்பது நல்லது. மறுத்தால் படம் உள்ள சமூக ஊடகத் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் போகலாம். அங்கும் தீராவிட்டால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாளுக்குள் முறையிடலாம். நிர்வாணமான அல்லது உருமாற்றிய படமென்றால் புகார் கிடைத்த 2 மணி நேரத்துக்குள் தளம் அதை நீக்க வேண்டும் என்பது 2026 பிப்ரவரியில் திருத்தப்பட்ட 2021 தகவல் தொழில்நுட்ப விதி. சாதாரணப் பதிவென்றால் இணைப்பு, கணக்கின் பெயர், தேதி ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் ஆபாசப் படமென்றால் அதை எடுத்து வைக்கவோ, ‘பாருங்கள் இந்த அநியாயத்தை’ என்று குரூப்பில் போடவோ கூடாது. அத்தகைய படத்தைச் சேமித்து வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி, உச்சநீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. இணைப்பை மட்டும் போலீஸிடம் கொடுத்தால் போதும்.

புகார் கொடுக்க மலையிறங்கிக் கள்ளக்குறிச்சி போக வேண்டியதில்லை. எந்தக் காவல் நிலையமும் புகாரை வாங்கியாக வேண்டும். கரியாலூர் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். இணையவழிக் குற்றங்களுக்கு 1930, குழந்தைகளுக்கு 1098. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் மறைத்தால் பயிற்சி நிலையத்தை நடத்துபவருக்கே ஓராண்டு வரை சிறை உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழான வழக்கில் குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும். குழந்தைகள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அதற்கான எண் 15100.