ஏற்பு வீட்டிலிருந்து வரவேண்டும்

திருவனந்தபுரத்தில் தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கி மருத்துவக் கல்லூரி பஸ்ஸைத் தேடுகிறவர்களிடையே தமிழ்க் குரல்கள் நிறையக் கேட்கும். அந்த வளாகத்தில் 1981-இல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்தை நம்பி கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்திலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்த பெண்ணிடம் சுற்றத்தார் முதலில் சொல்வது, “மனசைத் தளர விடாதே” என்பது. நல்ல சொல்தான். ஆனால் நோயை ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு முழுவதையும் அது அவள் தலையிலேயே கட்டிவிடுகிறது. வீடு அவளை ஏற்காதவரை, அவளால் தன் நோயை ஏற்க முடியாது.

ஏனென்றால், இந்த நோயோடு பழியும் சேர்ந்தே வருகிறது. ஏறக்குறைய எல்லா நேர்வுகளுக்கும் எச்.பி.வி. வைரஸே காரணம், அது உடலுறவால் பரவுகிறது. இதைக் கேட்டதும் சில வீடுகளில் சந்தேகம் முளைக்கிறது. உண்மையில், மணவாழ்வில் உள்ள ஆணையும் பெண்ணையும் எப்போதோ ஒருமுறை தொட்டுப்போகும் சாதாரணத் தொற்று அது. புற்றாக மாற வழக்கமாக 15, 20 ஆண்டுகள் ஆகும். கணவனைத் தவிர யாரையும் அறியாதவளுக்கும் வரலாம். இதைக் கணவனே மருத்துவர் வாயால் கேட்டால், அவள் குற்றவாளிபோலக் குறுக வேண்டியிருக்காது.

சிகிச்சையும் தனியாளால் தாங்கக்கூடியதல்ல. முற்றிய நிலையில், “கரண்ட் வைக்கிறது” என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சு வாரம் ஐந்து நாளாக ஐந்து வாரம் நடக்கும். வாரம் ஒரு கீமோ. பிறகு உள்ளே வைக்கும் கதிர்வீச்சு. எட்டு வாரத்துக்குள் முடிக்கவேண்டும். இழுத்தால் பலன் குறையும். முடிந்த பின்னும் மாதவிலக்கு நின்றுபோகும், பிறப்புறுப்பு வறண்டு சுருங்கலாம், தாம்பத்தியம் வலிக்கலாம். அப்போது கணவன் காட்டும் பொறுமையும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

உண்மையைச் சொன்னால் உடைந்துபோவாள், மறைப்பதே அன்பு என்பார்கள். தினம் கரண்ட் வைக்கப் போகிறவளிடம் எதை மறைக்க முடியும்? மறைத்தால் அவள் தன் பயத்தைப் பகிர ஆளில்லாமல் போவாள். கூலி வேலையை விட்டு யார் கூடவே இருப்பது என்பது நியாயமான கேள்வி. அன்பிருந்தும் வர முடியாதவர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஆனால் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை தரும் ரயில்வே, துணை என்பது தேவை என ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. துணைக்கு வருபவரின் கூலி இழப்பை ஈடுகட்ட அரசும், முதல் நாளே கணவனையும் உட்காரவைத்துப் பேச மருத்துவமனைகளும் முன்வரவேண்டும்.