மீட்டிப் பாராமல் கிற்றார் வாங்கலாமா?

எலக்ட்ரிக் கிற்றார் வாங்கப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் முதல் புத்திமதி, ‘கையில் எடுத்து வாசித்துப் பார்க்காமல் வாங்காதே’ என்பது. யூடியூப்பில் பாடம் நடத்தும் வெள்ளைக்காரரும் அதைத்தான் சொல்கிறார், திருவிழா மேடையில் இசைக்குழுவோடு வாசிக்கும் அண்ணைமாரும் அதைத்தான் சொல்கிறார்கள். தவறான புத்திமதி அல்ல. ஆனால் அது பெருநகரத்துப் புத்திமதி. சுவர் நிறையக் கிற்றார்கள் தொங்கும் கடை பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருப்பவருக்குப் பொருந்தும். குடாநாட்டுக் கடைகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைப்பவை பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இடக்கைக்காரர் என்றால் அதுவும் இல்லை. கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் போய், பகல் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கி, மறு இரவு திரும்பும் செலவைக் கிற்றாரின் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தச் செலவைச் செய்வதைவிட, நன்றாகத் தெரிவு செய்து ஒன்லைனில் எடுப்பித்து, மிஞ்சும் காசை வாங்கிய பிறகு கருவியைச் சரிசெய்வதற்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்பதே என் கட்சி.

பாராமல் வாங்குவது ஒன்றும் இணையம் கொண்டுவந்த பழக்கம் அல்ல. அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் தபாலில் ஏராளமான கிற்றார்கள் விற்றது. 1916இல் ஹார்மனி என்ற கருவித் தொழிற்சாலையையே விலைக்கு வாங்கிப் போட்டது. 1960களின் தொடக்கத்தில் அது விற்ற சில்வர்டோன் எலக்ட்ரிக் கிற்றாரின் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறிய அம்பிளிபயரும் ஒலிபெருக்கியும் இருந்தன. கடையே இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகள் படத்தைப் பார்த்துக் காசு அனுப்பி, அதில் வாசிக்கப் பழகினார்கள். நமக்கும் இது தெரியாத சங்கதி அல்ல. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரமும் தஞ்சாவூர் வீணையும் கடல் கடந்துதான் இங்கே வந்தாக வேண்டும். இணுவிலும் அளவெட்டியும் இசையில் பெயரெடுத்தது கருவிப் பட்டறை பக்கத்தில் இருந்ததால் அல்ல. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்படுபவை. வெயிலுக்கு மெழுகு இளகும், சுருதி விலகும், மேளம் கட்டத் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும். வாங்கிய அன்றோடு வீணை முடிந்துவிட்டது என்று வீணைக்காரர் எவரும் நினைப்பதில்லை. கிற்றாரும் அப்படியே. அதை மட்டும் ஏனோ கைத்தொலைபேசி மாதிரி, பெட்டியைத் திறந்ததும் முழுமையாக இருக்க வேண்டிய சாமான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கடையில் வாசித்துப் பார்ப்பது எதைக் காட்டிக்கொடுக்கிறது? எலக்ட்ரிக் கிற்றாரின் ஒலியில் பெரும் பங்கு தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புக்கும் அம்பிளிபயருக்கும் உரியது. கடையில் நீங்கள் கேட்பது அந்தக் கடைக்காரர் செருகிவைத்திருக்கும் அம்பிளிபயரை. வீட்டுக்கு வந்ததும் வேறொன்றைக் கேட்பீர்கள். காதை விடுங்கள், கையாவது பொய் சொல்லாதா என்றால், அதற்கும் ஒரு பரீட்சை நடந்திருக்கிறது. 2010இல் இண்டியானாபொலிஸ் நகரில் குளோடியா ஃபிரிட்ஸ் என்ற ஆய்வாளரும் ஜோசப் கேர்ட்டின் என்ற வயலின் செய்பவரும், தேர்ந்த வயலின்காரர் 21 பேரிடம் ஆறு வயலின்களைக் கொடுத்தார்கள். மூன்று புதியவை, மற்ற மூன்றும் பேர்பெற்ற பழைய இத்தாலிய வயலின்கள்: இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவார்னேரி. வெளிச்சம் குறைந்த அறை, வாசிப்பவர் கண்ணில் கருவியை அடையாளம் காண முடியாதபடி ஒரு மறைப்புக் கண்ணாடி. அதிகம் பேர் விரும்பியது ஒரு புதிய வயலினை. குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. வாழ்க்கை முழுவதும் வயலினோடு கழித்தவர்களின் கையும் காதும்கூடப் பெயரும் தோற்றமும் சொல்வதைக் கேட்டு நடக்கின்றன என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மூன்று கோர்ட் பிடிக்கப் பழகிய பிள்ளை, கடைக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கைநடுங்க ஐந்து நிமிடம் மீட்டிவிட்டு எடுக்கும் முடிவு நிறத்தைப் பார்த்து எடுத்த முடிவாகத்தான் இருக்கும். நிறம் பிடித்திருப்பதும் தேவைதான், பிடித்ததைத்தான் தினமும் கையில் எடுப்போம். அதற்குப் படம் போதும்.

வாசிக்கச் சுகமாக இருக்கிறது, இல்லை என்பதை உண்மையில் தீர்மானிப்பவை சின்னச் சின்ன அளவுகள். ஆறு தந்திகளையும் சுருதிக்கு முறுக்கினால் அவை சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ பாரத்தில் கழுத்தை இழுக்கின்றன. கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ரொட் என்ற இரும்புக் கம்பி அந்த இழுவைக்கு ஈடுகொடுக்கிறது. தொழிற்சாலையில் சரியாக இருந்த இந்தச் சமநிலை, கப்பல் கொள்கலனின் வெக்கையிலும் பண்டகசாலையின் ஈரத்திலும் கிடந்து வரும்போது குலையும். இங்கே வந்த பிறகும் சோளகத்துக்கு ஒருமாதிரி, மாரிக்கு ஒருமாதிரி அசையும். ஒரு தந்தியை முதல் பிரெட்டிலும் (கிற்றாரின் மெட்டு) கடைசி பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு நடுவில் பாருங்கள். தந்திக்கும் பிரெட்டுக்கும் இடையே கால் மில்லிமீற்றர் அளவுக்கு, ஒரு விசிட்டிங் கார்ட் மட்டுமட்டாக நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். அது கூடினால் விரல் நோகும், இல்லாமலே போனால் தந்தி பிரெட்டில் பட்டு இரையும். அடுத்தது, 12ஆவது பிரெட்டில் தந்தியை மெல்லத் தொட்டு மீட்டும் ஒலியும், அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒத்துப்போக வேண்டும். அழுத்திய ஒலி சுருதி கூடி நின்றால், பிரிட்ஜில் அந்தத் தந்தி அமரும் துண்டைத் திருகாணியால் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினால் சரி. இவை எல்லாம் ஒரு அலன் சாவியும் திருப்புளியும் பொறுமையும் உள்ளவர் ஒரு பின்னேரத்தில் முடிக்கக்கூடிய வேலை. கடையில் பிடிக்காமல் போன எத்தனையோ கிற்றார்கள் இந்த ஒரு பின்னேர வேலை நடக்காததால் பிடிக்காமல் போனவையே. கடையில் பிடித்துப்போனதும் மாரி முடிவதற்குள் இதே வேலையைக் கேட்டு நிற்கும்.

மரத்துக்கு மரம் வேறுபடாதா என்ற கேள்வி நியாயமானது. வேறுபடும். ஒரே மொடலில் ஒன்று மற்றதைவிட அரைக் கிலோ பாரமாக இருக்கலாம். கழுத்தின் பருமன் எல்லார் கைக்கும் இதமாக இருக்காது. ஆனால் இன்று கழுத்தையும் உடலையும் கணினி ஓட்டும் இயந்திரம் வெட்டுகிறது. யாமஹா பசிபிக்கா, ஸ்குவயர் போன்ற தொடக்க நிலைக் கருவிகளில் அந்த வேறுபாடு பழைய காலத்து அளவுக்குப் பயப்பட வேண்டியதல்ல. பாராமல் வாங்குபவர் பயப்பட வேண்டியது பார்சல் வரும் வழிக்கு. கிப்சன் லெஸ் போல் வகைக் கிற்றார்களின் தலை பின்னோக்கிச் சாய்ந்தது. பெட்டி மல்லாக்க விழுந்தால் சாவிகளுக்குக் கீழே மரம் நாரோடு நாராகப் பிளந்துவிடும். பெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் தலை நேரானது, கழுத்து உடலோடு ஒட்டப்படாமல் நான்கு திருகாணிகளால் பூட்டப்பட்டது. அடி தாங்கும், கழுத்துப் பழுதானாலும் கழற்றி மாற்றலாம். ஆட்டித் தந்தியை வளைக்கும் மிதவைப் பிரிட்ஜைத் தவிர்த்து அசையாத பிரிட்ஜை எடுத்தால், தந்தி மாற்றும் நாளில் வீட்டில் சண்டை வராது. வெளிநாட்டுச் சொந்தங்களிடம் சொல்லி எடுப்பிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிற்றார் எந்த நாட்டில் இருந்து வந்தாலும் ஒன்றுதான். அம்பிளிபயர் அப்படியல்ல. லண்டனில் வாங்கியது நம் 230 வோல்ற்றுக்குச் சரி. ரொறன்ரோவில் வாங்கியது 120 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டிருக்கும், நேரே செருகினால் அன்றோடு சரி.

மறுப்புகளில் வலுவானது வேறு. பிடிக்காவிட்டால் என்ன செய்வது? ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் ஒன்லைனில் வாங்கிய பொருளை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிவிடும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. பாராமல் வாங்கு என்று அங்கே துணிந்து சொல்லலாம். நம்முடைய 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் ஏமாற்று வணிகத்துக்கு எதிரானது. மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை அது தரவில்லை. ஆகவே இங்கே அந்த உரிமையை விற்பவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது: பழுது என்றால் திருப்பி அனுப்பும் குரியர் காசு யாருடையது, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் பதில் போதும், அதை அழிக்காமல் வைத்திருங்கள். பதில் தர மினக்கெடாத கடை, பிரச்சினை வந்தால் போனையே எடுக்காது. பெட்டியை வெட்டுவதில் தொடங்கி ஒவ்வொரு பிரெட்டிலும் ஒவ்வொரு தந்தியையும் மீட்டி முடியும்வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்துவிட்டால், வாதாடக் கையில் ஏதாவது இருக்கும். போலிகள் பற்றிய பயத்துக்கு மருந்து எளிது. விலையுயர்ந்த பெயரைக் கால் விலைக்குத் தேடாதீர்கள். தலையில் டிரஸ் ரொட்டை மூடும் தகட்டுக்கு உண்மையான கிப்சனில் இரண்டு திருகாணிகள். போலிகள் பலவற்றில் மூன்று. தொடக்கக்காரருக்கான கருவியைப் போலி செய்து மினக்கெடுபவர் குறைவு.

எல்லாரும் ஒன்லைனில் வாங்கினால் ஊர்க் கடை என்னாவது என்று கேட்பார்கள். கண்ணாடி அலுமாரிக்குள் நாலு கிற்றாரை வைத்துக்கொண்டு கொழும்பு விலையோடு போட்டிபோடும் கடையைக் காப்பாற்ற எந்தப் புத்திமதியாலும் ஆகாது. ஆனால் எங்கே வாங்கிய கிற்றாராக இருந்தாலும் கொண்டுவாருங்கள், கழுத்தைப் பார்த்துத் தருகிறோம் என்று ஒரு மேசை போட்டு, அதற்குக் கூலி வாங்கும் கடை குடாநாட்டுக்கு வேண்டும். கூலியை ஓசி உதவியாக எதிர்பார்க்காமல் கொடுக்கும் வாடிக்கையாளரும் வேண்டும். கிற்றாருக்கு ஒதுக்கும் காசில் பத்தில் ஒரு பங்கை அந்த மேசைக்கும், உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும் தந்திக்கும் எடுத்துவைப்பது வீண் அல்ல.

இந்த வாதம் புதிய கருவிக்கு மட்டும். பாவித்த கிற்றாரை விளம்பரம் பார்த்துக் குரியரில் எடுப்பிக்க வேண்டாம். தேய்ந்த பிரெட்டைப் படம் காட்டாது. முறுகிய கழுத்தை டிரஸ் ரொட்டால் நிமிர்த்த முடியாது. அது முன்பின் வளைவுக்குத்தான், முறுகலுக்கு அல்ல. தலையடியில் இருந்து உடல்வரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தோடு நேராகப் பார்த்தால் முறுகல் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கு விற்பவர் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும், அது வவுனியாவில் இருந்தாலும்.