ஒரே அறையில் மூன்று வகுப்புகள்

"டீச்சர், எம் பொண்ணு அஞ்சாவது படிக்கிறா. அவளை மூணாவது பிள்ளைங்களோட உட்கார வெச்சா, அவ படிப்பு என்னாவறது?"

பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்த ஒரு தாய் எங்களிடம் கேட்ட கேள்வி இது. பகலெல்லாம் தறிக்குப் பக்கத்தில் இருந்து உழைத்து மகளைப் படிக்க வைக்கும் அந்த அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அன்று அவசரமாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டோம். அதே ஐயம் வேறு பல பெற்றோருக்கும் இருக்கும் என்பதால், வாரத்தில் மூன்று பிற்பகல்களில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்பு மாணவியரை ஏன் ஒன்றாக அமர்த்துகிறோம், எப்படி நடத்துகிறோம் என்பதை இம்மலரின் வாயிலாக விளக்க விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பல வயதுப் பிள்ளைகள் ஓரிடத்தில் படிப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. பல்லவர் காலத்தில் நம் காஞ்சியில் கடிகை என்னும் கல்விக்கூடம் புகழ்பெற்று விளங்கியது. கதம்ப மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன் இங்கே கற்க வந்தபோது, தன் ஆசிரியர் வீரசர்மனோடு வந்தான் என்று கர்நாடகத்துத் தாளகுந்தா கல்வெட்டு கூறுகிறது. ஆசிரியரும் மாணவனும் சேர்ந்து வந்து நுழைந்த கல்விக்கூடம் அது!

நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளிகளிலும் வயதுக்கு ஒரு வகுப்பு கிடையாது. மணலில் அகரம் எழுதும் சிறுவனும், ஓலையில் கணக்கு எழுதும் பெரியவனும் ஒரே திண்ணையில்தான் அமர்ந்தார்கள். பெரிய மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

இந்த முறை கடல் கடந்தும் சென்றது. 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்காக இருந்த அநாதை விடுதியின் பள்ளியை ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் பாதிரியார் ஏற்றார். நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் நடத்தச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதற்கு இசையவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரப் பணித்தார். அவன் செய்து காட்டினான். 1797-இல் லண்டனில் பெல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட, அங்கே 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது பரவியது.

ஆனால் அதில் ஒரு குறையும் இருந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓர் ஆசிரியரைக் கொண்டே சமாளிக்கலாம் என்று, செலவைக் குறைக்கும் வழியாகப் பலர் அதைக் கையாண்டார்கள். சிறுவர்கள் சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளைகளானார்கள். நமது ஊரிலும் சட்டாம்பிள்ளை என்றால் பிரம்போடு அதிகாரம் செய்பவன் என்ற பொருளே நிலைத்துவிட்டது. ஆகவே பழைய முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதன் நன்மையை வைத்துக்கொண்டு தீமையை நீக்க வேண்டும்.

அந்த வழியைக் காட்டியவர்களுள் ஒருவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த அவர், 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் நாடு திரும்ப முடியாமல் சில ஆண்டுகள் நம் கொடைக்கானலிலும் தங்கினார். அங்கே பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் படித்ததைக் கவனித்துத்தான், ஆறு முதல் பன்னிரண்டு வயதினருக்கான தம் கல்வி முறையை விரித்து வகுத்தார். மூன்று மூன்று வயதினரை ஒரு குழுவாகச் சேர்ப்பது அவர் கொள்கை. முதல் ஆண்டில் பார்க்கும் பிள்ளை, இரண்டாம் ஆண்டில் செய்யும். மூன்றாம் ஆண்டில் பிறருக்குச் சொல்லித் தரும்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். ஆந்திர மாநிலம் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில், ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து ஒரு முறையை உருவாக்கினார்கள். சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே சென்று கற்று வந்தார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அவர்களின் முயற்சியால் 2003-இல் 13 பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கப்பட்டு, 2007-08-இல் தமிழகமெங்கும் அரசு தொடக்கப் பள்ளிகளில் பரவியது. நான்காம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தார்கள். ஏணிப்படி ஒன்று சுவரில் தொங்கியது. யானை, முயல் முதலான படங்கள் பொறித்த அட்டைகளை வரிசைப்படி எடுத்துப் படித்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படியேறியது. கரும்பலகை பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது! இன்று அந்த முறை அதே வடிவில் இல்லை. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலைக்கேற்பப் பயிற்சி தரப்படுகிறது. பெயர் மாறினாலும், வயதை மட்டும் பாராமல் பிள்ளை நிற்கும் படியைப் பார் என்ற கருத்து தொடர்கிறது.

பல பள்ளிகளுக்கு இது விருப்பமன்று, கட்டாயம். 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். தொண்ணூறு வரை மூவர். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் நடத்தும்போது வகுப்புகள் கலந்துதான் ஆகவேண்டும். நம் மாவட்டத்தில் தறிகளிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்காக நடந்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டச் சிறப்புப் பள்ளிகளிலும் ஒன்பது வயது முதல் பதினான்கு வயது வரையிலானவர்கள் ஒன்றாகவே படித்தார்கள். 2021-இல் அத்திட்டம் பொதுக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. பள்ளியைவிட்டு நின்று மீண்டும் வரும் பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்துத் தனிப் பயிற்சி தரவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அப்படி வரும் பிள்ளையை எங்கே அமர்த்துவது என்பது ஒவ்வொரு பள்ளியும் சந்திக்கும் கேள்வி.

இனி எங்கள் பிற்பகல் வகுப்பைப் பாருங்கள்.

முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் பொதுவான பாடம். பொருள் ஒன்றாக இருக்கும், வேலை வேறுபடும். எடுத்துக்காட்டாக, ஒரு நாள் பட்டுச் சேலையையே கணக்குப் பாடமாக்கினோம். மூன்றாம் வகுப்புக்கு: ஒரு பாவில் மூன்று சேலை நெய்தால் ஏழு பாவில் எத்தனை சேலை? நான்காம் வகுப்புக்கு: ஒரு சேலை 5 மீட்டர் 50 சென்டிமீட்டர் என்றால் மூன்று சேலையின் நீளம் என்ன? ஐந்தாம் வகுப்புக்கு: 120 சென்டிமீட்டர் அகலமுள்ள சேலையில் இருபுறமும் 15 சென்டிமீட்டர் கரை இருந்தால், அகலத்தில் கரை எத்தனை பங்கு? இருபத்தொன்று, 16 மீட்டர் 50 சென்டிமீட்டர், நாலில் ஒரு பங்கு என்று மூன்று விடைகள் வந்தன. கடைசிக் கணக்கை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, காகிதத்தை நான்காக மடித்து விடையைக் காட்டிவிட்டாள்!

பொதுப் பாடம் முடிந்ததும் பிள்ளைகள் மூன்று குழுவாகப் பிரிவார்கள். ஆசிரியை ஒரு குழுவோடு அமர்ந்து புதிய பாடம் நடத்துவார். இரண்டாவது குழு பயிற்சி அட்டைகளைச் செய்யும். மூன்றாவது குழு இணை இணையாக அமர்ந்து வாசிக்கும். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை குழுக்கள் இடம் மாறும். குழுக்கள் வகுப்பின்படி மட்டும் அமைவதில்லை. கணக்கில் ஒரு குழுவிலும் தமிழ் வாசிப்பில் வேறு குழுவிலும் ஒரே பிள்ளை இருக்கலாம்.

ஆசிரியை மற்றவர்களோடு இருக்கும்போது ஐயம் வந்தால் என்ன செய்வது? "முதலில் அட்டையைப் பார், பிறகு தோழியைக் கேள், அதன்பின் டீச்சரிடம் வா" என்பது எங்கள் விதி. இது பழக்கத்துக்கு வரவே இரண்டு மாதங்கள் பிடித்தன. அதுவரை அறையில் சந்தை இரைச்சல்தான் என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம்.

வேறொரு தவறும் செய்தோம். முதல் ஆண்டில், நன்றாகப் படிக்கும் ஐந்தாம் வகுப்பு மாணவியரை நாள்தோறும் சிறியவர்களின் நோட்டுகளைத் திருத்தச் சொன்னோம். அவர்களும் மகிழ்ச்சியோடு செய்தார்கள். காலாண்டுத் தேர்வில் அவர்களுள் சிலருக்கே பின்னக் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. மகளின் விடைத்தாளோடு வந்து நின்ற தந்தையிடம் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளைச் சம்பளமில்லாத ஆசிரியைகளாக்கிவிட்டோம் என்பது அன்றுதான் உறைத்தது. அதன்பின் ஒரு வரம்பு வைத்தோம். எந்தப் பிள்ளையும் வாரத்தில் இரண்டு முறை, முறைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பிறருக்குச் சொல்லித்தருவதில்லை. திருத்துவது எங்கள் வேலை. சொல்லித்தரும் முறை எல்லோருக்கும் வரும். முதல் மதிப்பெண் வாங்குபவளுக்கு மட்டும் அன்று. ஒவ்வொரு மாணவிக்கும் தனி அட்டை ஒன்று வைத்து, அவள் எந்தப் பாடத்தில் எந்தப் படியில் நிற்கிறாள் என்பதை வெள்ளிதோறும் குறிக்கிறோம்.

சொல்லிக் கொடுப்பதால் பெரியவளுக்கு நன்மை உண்டா? உண்டு. "கடன் வாங்கிக் கழித்தல்" ஏன் அப்படிச் செய்கிறோம் என்று சிறுமி கேட்கும்போதுதான், தனக்கே அது தெரியாது என்பது பெரியவளுக்குத் தெரிகிறது. அதை அறிந்துகொள்ள மறுபடி பாடத்துக்குப் போகிறாள். அப்படிக் கற்றது மறப்பதில்லை.

இன்னொரு மாணவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம். தாயின் நீண்ட நோயால் இரண்டு ஆண்டுகள் பள்ளியைவிட்டு நின்று, தம்பியையும் கவனித்து, வீட்டுத் தறியில் கோர்வைக்கு நாடாவும் எடுத்துக்கொடுத்தவள். பதினோரு வயதில் ஐந்தாம் வகுப்பில் வந்து சேர்ந்தபோது ஒரு பத்தி வாசிக்க வரவில்லை. காலை வகுப்பில் புத்தகத்தைத் திறந்து வைத்துத் தலை குனிந்திருப்பாள். எந்த நாளும் நின்றுவிடுவாளோ என்று அஞ்சினோம்.

பிற்பகல் வகுப்பில் அவள் கையில் மூன்றாம் வகுப்பு வாசிப்பு அட்டை இருந்தது. எல்லோர் கையிலும் ஏதோ ஓர் அட்டை இருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒரு நாள் சிறுமிகள் காகிதக் கீற்றுகளால் பாய்போல் பின்ன முயன்று குழம்பியபோது அவள் எழுந்து போனாள். ஒன்றுவிட்டு ஒன்று இழையெடுத்து எண்ணும் வகையைக் காட்டினாள். எண்களை அவள் மனத்திலேயே கூட்டுவதைப் பார்த்த நாங்கள் வியந்தோம். அன்று முதல் சிறுமிகள் "அக்கா, அக்கா" என்று அவளைச் சுற்றினார்கள். அவர்களுக்குக் கதை வாசித்துக் காட்டவேண்டும் என்பதற்காகவே முதல் நாள் மாலையில் எங்களிடம் வந்து அந்தக் கதையைப் படித்துப் பழகினாள். ஆண்டு இறுதிக்குள் தன் வகுப்புப் பாடத்தைத் தானே வாசித்தாள். இன்னும் எழுத்துப் பிழை உண்டு. ஆனால் ஒரு நாளும் பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை.

ஆகவே அந்தத் தாய்க்கு எங்கள் பதில் இது: அம்மா, உங்கள் மகளின் பாடத்தில் ஒரு பக்கமும் குறையாது. காலை வேளை முழுவதும் அவள் தன் வகுப்பிலேயே இருக்கிறாள். பிற்பகலில் அவளுக்குரிய கணக்கு அவளுக்கு உண்டு. அதோடு, பிறருக்கு விளங்கும்படி பேசவும், பொறுத்திருக்கவும், தெரியாததைக் கூசாமல் கேட்கவும் கற்கிறாள். அவள் பின்தங்குகிறாள் என்று தோன்றினால் அவளது அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதைக் காட்டுவது எங்கள் கடமை.

பெற்றோர் யாவரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து, பின்வரிசைப் பாயில் அமர்ந்து பார்க்கலாம். உயர்நிலை வகுப்பு மாணவியரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். பழைய நாட்காட்டிகளும் அழைப்பிதழ் அட்டைகளும் வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள். வாசிப்பு அட்டைகள் செய்ய எங்களுக்கு இன்னும் நிறையத் தேவைப்படுகின்றன. உங்கள் தங்கைமார் காத்திருக்கிறார்கள்.