தகவல் துளி: பேச்சும் விளையும்

திருச்சி வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது 1939 மே 16-இல். செய்தி, உழவர்க்கான உரை, நாடகம் என்று ஒரு நாளின் பெரும்பொழுதைப் பேச்சுக்குக் கொடுப்பது வீண் என்பவர்கள் உண்டு. பாட்டுக்குத்தானே ரேடியோ என்பார்கள். அவர்களுக்கு ஒரு நெல்லின் கதையே பதில். கொள்ளிடத்துக்குத் தென்கரைப் பக்கம் உள்ள ஊர் ஆடுதுறை. அங்கே உருவான ஏ.டி.டி. 27 குறுவை நெல்லை, 1960-களில் விதையளவு, உரம், பூச்சிமருந்து என்று விளங்கச் சொல்லித் தஞ்சை வயல்களுக்குக் கொண்டுசேர்த்ததில் திருச்சி வானொலிக்குப் பெரும்பங்கு. ‘ரேடியோ நெல்’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. பேச்சு மட்டுமா சாதித்தது? இல்லை; விதையும் உரமும் வேளாண் அலுவலரும் கூடவே வந்தார்கள். ஆனால், எதை எப்போது எவ்வளவு என்ற விவரம் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரே நேரத்தில் எட்டியது பேச்சால்தான்.

இப்போது எல்லாம் கைபேசியில் கிடைக்கிறதே என்றால், கைபேசியில் பெரும்பாலும் நாம் தேடியதுதான் வரும். தேடவே தோன்றாத சங்கதியையும் வானொலி தானாகக் காதில் போடும். சேறு படிந்த கையால் திரையைத் தொட முடியாது. வரப்பில் வைத்த ரேடியோவைக் கேட்டபடியே நாற்று நடலாம். ஆகவே, பாட்டுக்கு இடம் கொடுக்கலாம். அதற்காகப் பேச்சின் நேரத்தில் கைவைக்கக் கூடாது.