இமயத்துப் பனியும் சட்லெஜ் நதியும்

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயினும் நாம் அறிந்த பனி, விடிந்து இரண்டு நாழிகைக்குள் புல் நுனியிலிருந்து மறைந்துவிடும். அதைச் சேர்த்துவைத்துப் பயிர் செய்தவர் நம்மில் எவரும் இலர். இமயமலையில் பெய்யும் பனியோ பஞ்சுப் பொதி போல் வந்து குவிந்து, மாதக் கணக்கில் உறைந்து கிடந்து, பின்னர் நதியாய் இறங்கிப் பல கோடி மக்களுக்குச் சோறு போடுவது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால், அந்தப் பனியின் பெருமையை நாம் எளிதில் உணர்வதில்லை.

நம் காவிரி குடகு மலையில் பெய்யும் மழையை நம்பியிருப்பது. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்தால் அவளும் வலுக்கிறாள். அது பொய்த்தால் அவளும் மெலிகிறாள். வடநாட்டின் பெருநதிகளுக்கோ தாய்மார் இருவர். ஒருத்தி மழை, மற்றொருத்தி பனி. முதல் தாய் கைவிட்ட மாதங்களிலும் இரண்டாம் தாய் காப்பாற்றுகிறாள். இதற்குச் சிறந்த உதாரணமாகச் சட்லெஜ் நதியைச் சொல்லலாம்.

திபெத்தில் மானசரோவரத்துக்கு மேற்கே ராக்ஷஸ் தால் என்ற ஏரியின் அருகே சட்லெஜ் பிறக்கிறது. ஷிப்கி கணவாயின் பக்கமாக நம் நாட்டினுள் நுழைந்து, ஸ்பிதி நதியைத் துணை சேர்த்துக்கொண்டு, கின்னௌர், ராம்பூர், பிலாஸ்பூர் வழியாக மலையைக் குடைந்து ஓடிப் பஞ்சாபின் சமவெளியை அடைகிறது. அதன் மொத்த நீளம் ஏறக்குறைய 900 மைல். பழைய நூல்களில் இதன் பெயர் சதத்ரு. புத்திரர்களை இழந்த துக்கத்தில் வசிஷ்ட முனிவர் உயிர் துறக்க எண்ணி இதில் விழுந்தபோது, நதி அஞ்சி நூறு கிளையாகப் பிரிந்தோடிவிட்டதாம். முனிவருக்கு அஞ்சிய அந்த நதி மனிதருக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

சட்லெஜின் கதை மார்கழியில் தொடங்குகிறது. மத்தியதரைக் கடற்பக்கத்தில் உண்டாகும் காற்றுச் சுழல்கள் பாரசீகத்தையும் ஆப்கானிஸ்தானத்தையும் கடந்து, ஒன்றன்பின் ஒன்றாக நம் வடமேற்கு எல்லைக்கு வருகின்றன. சமவெளியில் அவை சிறு தூறலாகப் பெய்து கோதுமைப் பயிருக்கு உயிரளிக்கும். மலையிலோ அதே மேகம் பனியாய்ப் பொழியும். டிசம்பர் முதல் மார்ச்சு வரை இவ்வாறு அடுக்கடுக்காகப் பனி சேர்கிறது. அப்போது நதியைப் பார்த்தால், இதுவா சட்லெஜ் என்று தோன்றும்! அத்தனை மெலிந்து, பச்சை நிறமாய், பாறைகளிடையே அடங்கி ஓடும். அதன் செல்வமெல்லாம் மேலே சிகரங்களில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பூட்டு எளிதில் திறப்பதன்று. பனிக்கட்டியை வெறும் நீராக்குவதற்கு ஆகும் வெப்பத்தைக் கொண்டு, அதே எடையுள்ள குளிர்ந்த நீரை 80 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சிவிடலாம். ஆகவே வெயில் ஏறியவுடன் பனி ஒரேயடியாகக் கரைந்து ஓடிவிடுவதில்லை. பங்குனியில் தாழ்ந்த சரிவுகளிலும், சித்திரை வைகாசியில் அதற்கு மேலும், ஆனி ஆடியில் உச்சியில் உள்ள பனியாறுகளிலும் உருகுதல் படிப்படியாக ஏறிச் செல்கிறது. சிக்கனமான இல்லத்தரசி குதிரிலிருந்து நெல்லை அளந்து எடுப்பது போல, மலை தன் பனியை அளந்து அளந்து கொடுக்கிறது.

இந்த அளவு ஒவ்வொரு நாளிலும் உண்டு. விடியற்காலையில் மலையோடைகளில் முழங்காலளவு நீரே இருக்கும். பகல் வெயிலில் பனி உருகி, பிற்பகலில் அதே ஓடை ஆளை அடித்துச் செல்லும். அதனால் அங்கே வழிப்போக்கர் பொழுது விடியுமுன் ஓடைகளைக் கடந்துவிட விரும்புகிறார்கள். லாஹௌல் பகுதியில் இத்தகைய ஓடைக்குப் 'பாகல் நாலா', அதாவது பைத்திய ஓடை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் இந்த உருகுநீரே சகலமும். உயர்ந்த மலைச்சுவர் மறைப்பதால் பருவமழை அங்கே எட்டிப் பார்ப்பது அரிது. பனியோடைகளிலிருந்து சிறு வாய்க்கால்கள் வெட்டி, மலைச்சரிவுகளின் வழியே நீரைக் கொண்டுவந்து, வாற்கோதுமையும் பட்டாணியும் பயிரிடுகிறார்கள். இவ்வாய்க்கால்களுக்குக் 'கூல்' என்று பெயர். குளிர்காலத்தில் பனி குறைந்தால் கோடையில் கூல் வறளும், வயல் தரிசாகும். நாம் ஆடியில் வானத்தைப் பார்ப்பது போல அவர்கள் தையில் பார்க்கிறார்கள்.

கீழே பக்ராவில் 740 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது நம் சுதந்திர நாட்டின் முதற் பேரணைகளுள் ஒன்று. 1963-ஆம் வருஷம் அக்டோபர் 22-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இத்தகைய அணைகளைப் புதிய பாரதத்தின் ஆலயங்கள் என்று அவர் போற்றியது யாவரும் அறிந்ததே. பக்ராவுக்கு வரும் நீரில் 100-க்கு ஏறக்குறைய 60 பங்கு பனியும் பனியாறும் உருகி வருவது என்று ரூர்க்கியிலுள்ள தேசிய நீரியல் நிலையத்தின் விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அணையின் பின்னுள்ள கோவிந்த சாகரம் நிரம்பும் காலம் மே 21 முதல் செப்டம்பர் 20 வரை என்று பொறியாளர்கள் வகுத்திருக்கிறார்கள். முற்பகுதியில் பனி நிரப்புகிறது. பிற்பகுதியில் மழை நிரப்புகிறது. எஞ்சிய எட்டு மாதமும் அந்தச் சேமிப்பிலிருந்தே பெரும்பாலும் செலவு. இந்தச் சாகரத்துக்காகப் பழைய பிலாஸ்பூர் நகரம் தன்னையே கொடுத்துவிட்டது. கோடைக்கு முன் நீர் இறங்கும்போது அந்நகரத்துப் புராதனக் கோயில்கள் சேற்றிலிருந்து தலை தூக்குகின்றன; பனி உருகிய நீர் வந்து சேர்ந்ததும் மீண்டும் மூழ்குகின்றன.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். மழைநதி நாளைய செய்தியைச் சொல்லாது. பனிநதி நான்கு மாதத்துக்கு முன்பே சொல்லிவிடும். எவ்வளவு பனி கிடக்கிறது என்று தையில் அறிந்தால், வைகாசியில் எவ்வளவு நீர் வரும் என்று ஒருவாறு அறியலாம். ஆழத்தை மட்டும் அளந்தால் போதாது. புதிதாய் விழுந்த பனி 10 அங்குலம் இருந்தால் உருகியபின் ஏறக்குறைய ஓர் அங்குல நீரே ஆகும். நாட்பட்டு இறுகிய பனியில் அதைவிட மிகுதியான நீர் அடங்கியிருக்கும். ஆகையால் பனியை நிறுத்தும் பார்க்க வேண்டும். மனிதர் ஏற முடியாத இடங்களில் பனிப் பரப்பைச் செயற்கைக்கோள்கள் படம் பிடிக்கின்றன. அப்படங்களைக் கொண்டு சட்லெஜின் கோடை நீரை முன்கூட்டிக் கணிக்கும் முயற்சியை 1980-களிலேயே ஹைதராபாதிலுள்ள நம் விஞ்ஞானிகள் மேற்கொண்டனர்.

பனியைக் கண்டு வருங்காலத்தை அறியும் எண்ணத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு துயரமான பங்கு உண்டு. 1876-ல் பருவமழை பொய்த்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தது. பல லட்சம் பேரைப் பலிகொண்ட அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு, மழையை முன்னறிய வழி உண்டா என்ற கேள்வி வலுத்தது. அப்போது வானிலை இலாகாவின் தலைவராக இருந்த பிளான்போர்டு இமயத்துப் பனியை ஆராய்ந்தார். வசந்தத்தில் பனி மிகுந்து கிடந்தால், வெயிலின் ஒரு பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும்; மற்றொரு பகுதி அதை உருக்குவதிலேயே செலவாகும். தரை காயாது, எனவே பருவக்காற்றை இழுக்கும் வலிமையும் குன்றும். 1884-ல் இக்கருத்தை அவர் வெளியிட்டார். 1886-ஆம் வருஷம் ஜூன் 4-ஆம் தேதி முறையான முதற் கணிப்பு வெளிவந்தது. பனி ஒன்றே காரணமன்று, உலகத்துச் சமுத்திரங்களும் இதில் சம்பந்தப்பட்டவை என்பதைப் பின்வந்த கில்பர்ட் வாக்கர் காட்டினார். 1913-ல் சென்னைக்கு வந்தபோது ராமானுஜத்தின் கணிதக் குறிப்புகளைக் கண்டு, சென்னைச் சர்வகலாசாலை அவரை ஆதரிக்க வேண்டுமென்று எழுதியவரும் இந்த வாக்கரே.

முன்னறிதலின் அருமையைச் சட்லெஜ்க் கரையினர் தம் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். 2000-ஆம் வருஷம் ஜூலை 31-ஆம் தேதி இரவும் ஆகஸ்டு 1-ஆம் தேதி விடியற்காலையும் அந்நதியில் திடீரென்று வெள்ளம் பெருகியது. கரையோரத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை முன்னதாகச் சொல்வாரில்லை. பாலங்களும் பாதைகளும் வீடுகளும் போயின. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் 2004-ல் ஸ்பிதியில் வந்து கலக்கும் பாரேச்சு ஆற்றை, திபெத்தில் மலை சரிந்து அடைத்தது. அங்கே பெரியதோர் ஏரி தேங்கியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. இம்முறை நாம் விழித்திருந்தோம். நீர்மட்டத்தைக் கவனித்து, கரையோர மக்களை மேட்டுக்கு அனுப்பினார்கள். 2005-ஆம் வருஷம் ஜூன் 26-ஆம் தேதி ஏரி உடைத்துக்கொண்டு வந்தபோது பாலங்களும் சாலைகளும் அழிந்தன, மக்கள் பிழைத்தனர். இரண்டு வெள்ளங்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு முன்கூட்டி வந்த ஒரு செய்திதான். அவ்வருஷமே சீனாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையில், வெள்ளக் காலத்துச் சட்லெஜ் நீரளவுகளை நமக்குத் தெரிவிப்பதென்று ஏற்பாடாயிற்று. நதி எல்லை கடந்து வரும்போது அதன் செய்தியும் எல்லை கடந்து வந்தாக வேண்டும்.

இப்பொழுது புதியதொரு கவலை எழுந்திருக்கிறது. உலகத்தின் வெப்பம் ஏற ஏற, பனியாய் விழ வேண்டியதில் ஒரு பகுதி மழையாய் விழுகிறது; விழுந்த பனியும் முன்னதாகவே உருகுகிறது. இமயத்தின் பனியாறுகளிற் பெரும்பாலானவை சுருங்கி வருகின்றன. ஆரம்பத்தில் இது நன்மை போலவே தோன்றும். ஏனெனில் நதியில் நீர் மிகும். ஆனால் அது வட்டியைக் கொண்டு நடத்தும் வாழ்க்கையன்று. முதலைக் கரைக்கும் வாழ்க்கை. முதல் குறைந்தபின் கோடை நதி மெலியும். மழையாய் விழுவதோ தங்காமல் அன்றே ஓடிவிடும். 2023 ஜூலையில் மேற்கிலிருந்து வந்த காற்றுச் சுழலும் பருவமழையும் ஒன்றாகக் கூடியபோது ஹிமாசலப் பிரதேசம் அடைந்த சேதத்தை நாம் பத்திரிகைகளில் கண்டோம். பனி வைத்திருந்து தருவதை, மனிதன் கட்டும் எந்த அணையும் முழுவதும் வைத்திருந்து தர இயலாது.

ஆகவே செய்யத்தக்கது, மலையில் நம் கண்களைப் பெருக்குவதுதான். லாஹௌல்–ஸ்பிதியில் 13,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் 2016-ல் 'ஹிமான்ஷ்' என்ற ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. குளிரிலும் மெல்லிய காற்றிலும் பனியாற்றில் கோல் நட்டு அளக்கும் இளைஞர்கள் செய்வது சாமானியமான தேசத்தொண்டன்று. இத்தகைய நிலையங்கள் இன்னும் பல வேண்டும். அவை காணும் செய்தி, அணைப் பொறியாளருக்கு மட்டுமின்றிக் கரையோரத்துக் கடைசிக் குடிசைக்கும் உரிய காலத்தில் போய்ச்சேர வேண்டும்.

நமக்கென்ன இதில் என்று எவரும் எண்ண வேண்டாம். பஞ்சாபின் கோதுமை ரயிலேறித் தெற்கே வந்து நம் ரேஷன் கடைகளிலும் கிடைக்கிறது. மார்கழி, தை மாதங்களில் கின்னௌரில் பனி பெய்ததென்ற செய்தியை, உல்லாசப் பிரயாணிகள் மகிழ்ந்தார்கள் என்ற படத்துடன் பத்திரிகைகள் வெளியிடுகின்றன. அச்செய்தியைக் காணும்போது படத்தோடு நின்றுவிடாமல், எத்தனை அடி பெய்தது, சென்ற வருஷத்தைவிடக் கூடுதலா குறைவா என்றும் நம் குழந்தைகளைப் படிக்கச் சொல்வோம். வரப்போகும் கோடையின் வரவு செலவு அந்தச் சில வரிகளில் அடங்கியிருக்கிறது.